கேம்பர் வேன்: எல்லாம் நன்றாக இருக்கிறது, அந்த இடப்பக்கக் கண்ணாடியைத் தவிர

ஓசூரில் இருக்கும் என் சிநேகிதர், "உன் வண்டி மாதிரியே ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், அட்வான்ஸ் கொடுத்துடவா?" என்று போன வாரம் கேட்டார். இடப்பக்கக் கண்ணாடியின் கம்பி உடைந்து, அதற்காக அலைந்து, வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்த அதே வாரம். போனில் பேசினால் சூடாகத்தான் வரும், எழுதியே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

என்னுடையது டெம்போ டிராவலர் சேஸியில் பாடி கட்டிய கேம்பர் வேன், உள்ளேயே சமைத்துத் தூங்கிக்கொள்கிற வண்டி. படுக்கை, அடுப்பு, தண்ணீர் டாங்க், சோலார் எல்லாம் வழக்கமானதுதான், விளம்பரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடு கிருஷ்ணகிரியில் என்பதால் எந்தப் பக்கம் கிளம்பினாலும் பெரிய ரோடுதான்: சேலம் பக்கம் நேஷனல் ஹைவே 44, வேலூர் பக்கம் 48, பெங்களூர் பக்கம் போனால் இரண்டும் ஒரே ரோடு. இன்ஜினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் முழு லோடோடு ஏசி போட்டுக்கொண்டும் திணறாமல் ஏறுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. வழியில் கழிப்பறைக்கு ஹோட்டல் ஹோட்டலாக இறங்கி ஏற வேண்டிய கஷ்டம் போய்விட்டது. "இப்பத்தான்டா நான் ஊர் பார்க்கிறேன்" என்று அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்கே கொடுத்த பணம் சரியாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கண்ணாடி.

உள்ளே குறுக்காகப் படுக்கை போட இடம் வேண்டும் என்று கேபினுக்குப் பின்னால் பாடியை இரண்டு பக்கமும் ஒரு கையகலம் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். சரி, படுக்க வசதி. ஆனால் கண்ணாடி மட்டும் வேனோடு வந்த அதே கண்ணாடி, அதே குட்டைக் கம்பி. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இடப்பக்கம் பார்த்தால் பாதிக் கண்ணாடியில் வண்டியின் வயிறுதான் தெரியும், மீதிப் பாதியில் தூரத்து ரோடு. பின்சக்கரத்தின் ஓரமாக வருகிற பைக் தெரியவே தெரியாது. வலப்பக்கமாவது ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிடலாம், இடப்பக்கம் என்ன செய்வது? பாடி கட்டினவர்கள் இந்த சீட்டில் உட்கார்ந்து ஒரு நாளாவது ஹைவேயில் ஓட்டியிருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

கண்ணாடிக்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். நம் ஊர் ரோட்டை நினைத்துப் பாருங்கள். காவேரிப்பட்டணம், காரிமங்கலம் என்று வரிசையாக சர்வீஸ் ரோடு வந்து மெயின் ரோட்டில் சேர்கிறது, சேருகிற இடத்தில் எல்லாம் இடப்பக்கமிருந்து மொபெட்டும் பைக்கும் ஏறும். மாம்பழ சீசனில் கூழ் ஃபாக்டரிக்கு பெங்களூரா ரக மாம்பழ லோடு ஏற்றின டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் பொழுது சாய்ந்த பிறகும் ஓடும். கிரானைட் கல் ஏற்றின லாரி இருபது முப்பதில் ஊர்ந்துகொண்டிருக்கும். இவர்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும், தாண்டின உடனே இடது வரிசைக்குத் திரும்பவும் வேண்டும். மெதுவாகப் போகிற வண்டிக்கு இடது வரிசை, தாண்டுவதற்கு மட்டும் வலது என்பது சட்டமும்தான், மரியாதையும்தான். இடப்பக்கம் யார் வருகிறார்கள் என்றே தெரியாதபோது எந்த தைரியத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புவது? வலது வரிசையிலேயே எழுபதில் போய்க்கொண்டிருப்போம், பின்னால் கார்க்காரர்கள் ஹாரன் அடித்து, லைட் அடித்து, பொறுமை போய் இடப்பக்கமாகப் புகுந்து தாண்டுவார்கள், அதையும் இந்தக் கண்ணாடி காட்டாது. ரோட்டில் ஒழுங்காகப் போக நினைக்கிறவனையும் வழி மறிக்கிறவனாக மாற்றிவிடுகிறது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

தொப்பூரில் இது உயிர் விஷயம். பாளையம் டோல்கேட்டைத் தாண்டினால் சேலம் பக்கம் தொடர்ந்து இறக்கம், வளைவு, அப்புறம் இரட்டைப் பாலம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிற லாரிகளால் அங்கே எத்தனை உயிர் போயிருக்கிறது என்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் மொத்த எடையையும் பிரேக் ஒன்றேதான் தாங்க வேண்டும், சூடேறச் சூடேற அதன் பிடி குறைந்துகொண்டே போகும். இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம், நம்முடைய மாதிரி வண்டியில் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுகிறதோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். அங்கே நான் மூன்றில் இறங்குவேன், தேவைப்பட்டால் இரண்டு. இன்னொன்று, டாங்கில் தண்ணீர் பாதியாக இருந்தால் வளைவில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியைத் தள்ளும். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. தொப்பூர் வழியாகப் போகிற நாளில் காலி டாங்கோடுதான் கிளம்புவேன், போய்ச் சேருகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

அப்படி மெதுவாக இறங்குகிற வண்டி இடது வரிசையில்தான் இருக்க வேண்டும். பின்னால் பிரேக் போன லாரி ஒன்று வந்தால் அதற்குக் காலியாக இருக்க வேண்டியது அந்த வலது வரிசைதான். இடது பக்கம் தெரியாத கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் வரிசை மாறச் சொல்கிறார்கள்.

சரி, பழுது பார்த்த கதைக்கு வருகிறேன். தர்மபுரியில் ஒரு தெருவோரம் நிறுத்தியிருந்தபோது பஸ் ஒன்று உரசிக் கம்பியை உடைத்துவிட்டுப் போய்விட்டது. பாடி கட்டினவர்களைக் கேட்டால் அதே கண்ணாடிதான் வரும், வர மூன்று வாரம் ஆகும், வேறு மாதிரி மாட்டினால் வாரண்டி கிடையாது என்றார்கள். பாடியை அகலமாக்கினது நீங்கள்தானே, அதற்கேற்ற கண்ணாடி வேண்டாமா என்று கேட்டேன். பதில் இல்லை.

லாரி வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கூட வேலை செய்கிறவரை இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, உடையாமல் மிஞ்சியிருந்த பழைய கண்ணாடியை அதே இடத்தில் கையால் பிடித்துக்கொண்டு, "பாருங்கண்ணா, ஆள் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. இரண்டு பக்கமும் நீளக் கம்பியோடு லாரிக் கண்ணாடி மாட்டி, கீழே வட்டமான சின்னக் குவி கண்ணாடி ஒன்றும் சேர்த்து, அதிராமல் இருக்க ரப்பர் வைத்து முறுக்கிக் கொடுத்தார். பாடி கட்டினவர்கள் கேட்ட தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. பர்கூர் வழியாக வேலூர் பக்கம் போய்ப் பார்த்தேன். தாண்டுகிறேன், சின்னக் கண்ணாடியில் ஓரம் காலியா என்று பார்க்கிறேன், பெரிய கண்ணாடியில் தூரம் பார்க்கிறேன், இண்டிகேட்டர் போடுகிறேன், இடது வரிசைக்கு வந்துவிடுகிறேன். வழி நெடுக யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது! (குவி கண்ணாடியில் எல்லாம் நிஜத்தைவிடத் தள்ளித் தெரியும். ஆள் இருக்கிறானா இல்லையா என்பதற்கு மட்டும் அதை நம்புங்கள், தூரம் கணிக்க வேண்டாம்.)

மற்றதெல்லாம் சுருக்கமாக. இந்த மாதிரி வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் வால் நீளம், இடது பக்கம் ஒடித்தால் வால் வலது பக்கம் வீசும், டோல்கேட்டில் நேராக வெளியே வந்த பிறகு திருப்புங்கள். டீ போட ரோட்டு ஓரத்தில் நிறுத்தாதீர்கள், லாரிகள் நிற்க ஒதுக்கிய இடமோ பெட்ரோல் பங்கோ பார்த்துக் கேட்டு நிறுத்துங்கள். பாத்திரம் கழுவின தண்ணீரை ஓடுகிற ரோட்டில் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கில் பின்னால் வருகிற பைக்காரர் விழுவார். கிளம்பும் முன் சிலிண்டரை மூடுங்கள். சூளகிரி, சானமாவு பக்கம் யானை ரோட்டைக் கடக்கிற இடம், இரவில் அங்கே தங்குகிற ஆசையே வேண்டாம். நேராகப் போவதற்கு நான்கு லைட்டையும் மினுக்காதீர்கள், அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. வழியில் வண்டி நின்றுவிட்டால் நேஷனல் ஹைவே உதவி எண் 1033-க்குப் போன் போடுங்கள்.

இதில் வேதனை என்னவென்றால், 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டி என்பதால் கார் லைசென்ஸே இதற்குப் போதும். நேற்று வரை சின்ன கார் ஓட்டினவர் இன்று இதில் ஏறி நேரே ஹைவேக்கு வரலாம். அவருக்கு இதன் அகலமும் வாலும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர் கையில் ஓரம் தெரியாத கண்ணாடியோடு வண்டியைக் கொடுப்பது எந்த நியாயம்?

சிநேகிதருக்கு என் பதில்: வாங்காதே. வண்டி அருமை, அம்மா ஊர் பார்க்கிறாள், நான் என் வண்டியை விற்கப்போவதும் இல்லை, ஆனாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். மீறி வாங்கியே தீருவேன் என்றால் அட்வான்ஸுக்கு முன்னால் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார், விற்கிறவரை இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொல். கண்ணாடியில் அவர் தெரியவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிடு.