டிக் டிக்கா, டக் டக்கா? மூன்று வகை டிஸ்க்குகளின் சத்தங்கள்

டிஸ்க் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதைவிட, எப்போது, எந்தத் தாளத்தில் போடுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் பல மாடல்களில் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும்; நொடிக்கு 120. அந்த ரீங்காரத்தில் கேபினெட்டும் சேர்ந்து அதிரும். ஃபைல்களைத் தேடி ஹெட் (தகவலைப் படித்து எழுதும் முனை) அங்குமிங்கும் பாயும்போது கரகரவென்று கேட்கும். புதிதாக வாங்கியவர்கள் இதற்கே பயந்துவிடுகிறார்கள், தேவையில்லை. அதிகக் கொள்ளளவு மாடல்கள் சில, சும்மா இருக்கும்போதுகூட சில நொடிக்கொருமுறை மெல்லத் தட்டும். ஃபைல்கள் வழக்கம்போலத் திறக்கின்றன என்றால் அதுவும் இயல்புதான்.

போர்ட்டபிள் டிஸ்க்கில் இருக்கும் 2.5 அங்குல வகை பெரும்பாலும் 5400 சுழற்சி, அதனால் அமைதி அதிகம். வேலையில்லாதபோது ஹெட்டை ஓரமாக நிறுத்திவைக்கும், அப்போது ஒரு ‘டிக்’ வரும். பீப் மாதிரி கேட்டால் மோட்டார் சுழல முடியாமல் திணறுகிறது. யுஎஸ்பி போர்ட்டில் மின்சாரம் போதாமலும் இப்படி ஆகும். வேறு கேபிள், வேறு போர்ட் என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அதற்குமேல் வேண்டாம். கீழே விழுந்த டிஸ்க் என்றால் அந்த ஒருமுறையும் கூடாது.

இந்த இரண்டு வகையிலும் ஆபத்தின் அடையாளம் இது: ‘டக்... டக்... டக்’ என்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்க, டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியாமல் போவது. பெரும்பாலும் ஹெட் தன் தடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். ஹெட்டுக்கும், தகவல் பதிந்திருக்கும் சுழல் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி. பழுதான ஹெட் ஒவ்வொரு முயற்சியிலும் தட்டைக் கீறக்கூடும். உராயும் சத்தம் இன்னும் மோசம். உடனே அணைத்துவிடுங்கள். ஸ்கேன் போடுவது, ஃப்ரீஸரில் வைப்பது எதுவும் வேண்டாம். குளிர்ந்த டிஸ்க்கில் ஈரம் படியும். உள்ளே இருப்பது முக்கியமென்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது வகை, தகவலைச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி. அதில் சுழல எதுவும் இல்லை. மெல்லிய கீச்சொலி வந்தாலும் அது மின்சுற்றில் இருந்து வருவது, பயமில்லை. ஆனால் போகும்போது சத்தமில்லாமலே போய்விடும். அதனால் என் கணக்கில் பேக்கப் மிகவும் அவசியப்படுவது எஸ்எஸ்டிக்குத்தான்.

ஹார்டு டிஸ்க்கில் சந்தேகம் வந்து, ஃபைல்கள் இன்னும் திறந்தால், முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் காப்பி செய்யுங்கள். அப்புறம் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ‘கரண்ட் பெண்டிங் செக்டார்’ எண்ணிக்கையை, அதாவது படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.