‘உங்க ஏடிஎஸ் ஸ்கோர் 34 தான் சார்’ என்று போன் வந்தால் பணம் கட்டாதீர்கள்

வேலை தேடிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். குறிப்பாக என்னைப்போல அக்கவுண்ட்ஸ், எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் என்று பல வருடம் ஒரே ஊரில் வேலை பார்த்துவிட்டு, இப்போதுதான் கோவை, சென்னை பக்கம் இருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு ஆன்லைனில் அப்ளை செய்ய ஆரம்பித்திருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். ரெஸ்யூமேவை ஏடிஎஸ் தாண்ட வைக்கிறோம் என்று சொல்லி ஒரு சர்வீஸ் என்னிடம் 6,500 ரூபாய் வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது, நானே வேர்டில் அடித்து வைத்திருந்ததைவிட மோசமான ஒரு ஃபைல். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த ஃபைலை வைத்து அப்ளை செய்த இடங்களில் சில கம்பெனிகள் ஒருமுறை நிராகரித்தால் ஆறு மாதத்துக்கு மறுபடி எடுத்துக்கொள்ளாது, அந்த வாய்ப்புகள் போனதுதான் மனசு ஆறவில்லை. சர்வீஸின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. இதே பேச்சோடு இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் பெயரைவிட அந்தப் பேச்சைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

ஏடிஎஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கம்பெனிகளுக்கு வரும் விண்ணப்பங்களை வாங்கி வைத்து, பிரித்து, தேட வசதி செய்து தரும் மென்பொருள். வொர்க்டே, ஆரக்கிளின் டேலியோ, கிரீன்ஹவுஸ், எஸ்ஏபி சக்ஸஸ்ஃபேக்டர்ஸ், நம்ம ஊர் ஜோஹோ ரெக்ரூட் எல்லாம் இந்த வகைதான்.

ஆரம்பம் எப்படி என்றால், ஒரு விளம்பரத்தில் ‘இலவச ஏடிஎஸ் செக்’ என்று இருந்தது, ரெஸ்யூமேவை அப்லோட் செய்தேன், அன்றைக்கே போன். பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, ரொம்ப வருத்தத்தோடு பேசினார். “சார், உங்க ஸ்கோர் 34 தான் வந்திருக்கு, 75 சதவீத ரெஸ்யூமே மனுஷங்க கண்ணுக்கே போகாம மெஷின்லயே ரிஜெக்ட் ஆகுது, உங்களோடதும் அப்படித்தான் போய்ட்டிருக்கு.” பல மாதமாக ஒரு அழைப்புகூட வராதவனிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அட, இதுதானா காரணம் என்று தோன்றும். அந்த இடத்தில்தான் இவர்கள் தொழில் நடக்கிறது. பின்னாளில் நண்பர்கள் சிலருடைய ரெஸ்யூமேவையும் அதே இலவச செக்கில் போட்டுப் பார்த்தோம். சிஏ முடித்தவருக்கும் சரி, காலேஜ் இப்போதுதான் முடித்த பையனுக்கும் சரி, ஸ்கோர் முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்தான் வருகிறது.

அந்த 75 சதவீதக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா விற்பனைப் பேச்சிலும் அது வருகிறது. அதன் மூலத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் போய் நின்றது பிரெப்டெல் என்ற அமெரிக்க நிறுவனத்தில். 2013இல் மூடப்பட்ட அந்த நிறுவனத்தின் வியாபாரமே வேலை தேடுபவர்களுக்கு ரெஸ்யூமே திருத்தும் சேவை விற்பதுதான். கணக்குக்குப் பின்னால் ஆய்வு என்று எதுவும் கிடைக்கவில்லை. மருந்து விற்பவர் சொன்ன நோய்க் கணக்கு அது.

சரி, பணம் கட்டிய பிறகு என்ன வந்தது? பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து, இடது பக்கம் நீலக் கட்டம், அதில் என் போட்டோ, போனுக்கும் ஈமெயிலுக்கும் சின்னச் சின்னப் படங்கள், டாலி எவ்வளவு தெரியும் எக்செல் எவ்வளவு தெரியும் என்று காட்ட நிறம் நிரப்பிய கோடுகள். கூடவே அவர்கள் தளத்திலேயே எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட், ஸ்கோர் 98. வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டு ஜோராக இருக்கிறது என்றார்கள். அதை வைத்துத்தான் எல்லா இடத்துக்கும் அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை.

என்னோடு முன்பு திருப்பூரில் வேலை பார்த்த தம்பி ஒருவர் இப்போது கோவையில் ஒரு கம்பெனியில் எச்ஆராக இருக்கிறார். அவரிடம் கொடுத்தேன், அவர்கள் சிஸ்டத்தில் சோதனைக்காக ஏற்றிக் காட்டினார். “அண்ணா, இதுல உங்க பேரே இல்லையே” என்றார். திரையை என் பக்கம் திருப்பினார். பெயர் என்ற கட்டத்தில் ‘கான்டாக்ட்’ என்று இருந்தது. போன் நம்பர் காலி, ஏனென்றால் அதைப் பக்கத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் ஹெட்டரில் வைத்திருந்தார்கள், அந்த மென்பொருள் ஹெட்டரைப் படிக்கவில்லை. மொத்த அனுபவம் பூஜ்யம். கீழே வரிகளைப் பார்த்தால் இடது பத்தியும் வலது பத்தியும் ஒன்றோடொன்று கலந்து, ‘டாலி பிரைம் 2016 முதல் ஆங்கிலம் சீனியர் ஏற்றுமதி தமிழ் எக்ஸிக்யூட்டிவ்’ என்ற மாதிரி ஓடுகிறது. நிறக் கோடுகள் வெறும் படம் என்பதால் அவை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருட உழைப்பு அந்தத் திரையில் ஒரு வரிகூட உருப்படியாக இல்லை. அவருக்கே சங்கடமாகிவிட்டது.

அதைவிட மோசம் அடுத்தது. பிடிஎஃப்பில் எல்லாவற்றையும் செலக்ட் செய்தார், கடைசி ஓரத்தில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் பொடிப் பொடியாக ஒரு பத்தி எட்டிப் பார்த்தது. எஸ்ஏபி ஃபைகோ, ஐஎஃப்ஆர்எஸ், பவர் பிஐ, பைத்தான் என்று மென்பொருள், கணக்கியல் திறமைகளின் பெயர்கள். எனக்குப் பைத்தான் தெரியாது, எஸ்ஏபியைத் தொட்டதுகூட இல்லை. என்னைக் கேட்காமல், என்னிடம் சொல்லாமல் செருகியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது என்பது நம் பக்கத்துக்கு மட்டும்தான். சிஸ்டம் எழுத்தை உருவி எடுக்கும்போது நிறம் கழன்றுவிடும், எச்ஆர் திரையில் அது சாதாரண எழுத்தாகத் தெளிவாகவே தெரிகிறது. “இப்படி ஒன்னப் பார்த்தா நாங்க அப்பவே மூடிருவோம் அண்ணா, ஆள் பொய் சொல்றார்னுதான் நினைப்போம்” என்றார் தம்பி. நான் செய்யாத பொய்க்கு எத்தனை கம்பெனியில் என் பெயர் கெட்டிருக்கிறதோ.

பதவியையும் மாற்றியிருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் என்று இருந்தது ‘டீம் லீட்’ ஆகிவிட்டது. வேலை கிடைத்தபின் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள், பிஎஃப் யுஏஎன் நம்பரை வைத்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே இருந்தோம் என்று பார்ப்பார்கள். பதவியோ தேதியோ ஒத்துப்போகவில்லை என்றால் கையில் வந்த ஆஃபர் திரும்பப் போகும், சேர்ந்தபின் தெரிந்தால் வேலையே போகும். அப்போது அந்த சர்வீஸ்காரர் வந்து நிற்கப்போவதில்லை.

எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. என் பழைய ரெஸ்யூமேவில் நான் செய்யும் வேலைகளை அப்படியே எழுதியிருந்தேன். ஜிஎஸ்டிஆர் 3பி ஃபைலிங், டிடிஎஸ், பேங்க் ரீகன்சிலியேஷன், ஷிப்பிங் பில், ஏற்றுமதிக்கான வரியைத் திரும்பப் பெறும் டிராபேக், அதேபோல 2019இல் கார்மென்ட்ஸுக்கு வந்த ஆர்ஓஎஸ்சிடிஎல் க்ளெய்ம். இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ‘துடிப்பான, இலக்கை நோக்கிச் செயல்படும் தொழில்முறையாளர்’ என்று அர்த்தம் வரும் ஆங்கில வாக்கியங்களைப் போட்டிருந்தார்கள். எச்ஆர் உட்கார்ந்து தேடும்போது ‘துடிப்பான’ என்று யாராவது டைப் செய்வார்களா? தம்பி தேடும் விதத்தைக் காட்டினார்: டாலியும் ஜிஎஸ்டியும் இருக்க வேண்டும், டிராபேக் அல்லது ஆர்ஓஎஸ்சிடிஎல் இரண்டில் ஒன்று இருக்க வேண்டும், அனுபவம் இத்தனை வருடம், ஊர் இது, நோட்டீஸ் பீரியட் இத்தனை நாளுக்குள். என் பழைய ரெஸ்யூமேவை ஏற்றிவிட்டு அதே தேடலைக் கொடுத்தார், முதல் பக்கத்திலேயே வந்தது. 6,500 ரூபாய் கொடுத்து வாங்கியது அதில் வரவே இல்லை.

ஸ்கோர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஏடிஎஸ் ஸ்கோர் என்று ஒன்று கிடையாது. இந்த செக்கர்கள் பெரும்பாலும் செய்வது, வேலை விளம்பரத்தில் உள்ள வார்த்தைகள் ரெஸ்யூமேவில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது. சந்தேகம் இருந்தால் விளம்பரத்தையே காப்பி செய்து ஒரு ஃபைலாக்கி ரெஸ்யூமே என்று ஏற்றிப் பாருங்கள், எவ்வளவு ஸ்கோர் வருகிறதென்று தெரியும். அந்த 98 ஃபைலையே நான் வேறொரு தளத்தில் போட்டேன், 41 வந்தது. நீங்கள் அப்ளை செய்யும் கம்பெனிக்கு இந்த இரண்டு எண்ணும் போவதில்லை.

அதற்காக மென்பொருள் யாரையும் வடிகட்டுவதில்லை என்று நான் சொல்லவில்லை. அப்ளை செய்யும்போது கேட்கிறார்களே, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இந்த டிகிரி இருக்கிறதா, ஷிஃப்ட் ஒத்துவருமா என்று, அந்தக் கேள்விகளுக்கான பதிலை வைத்துத் தானாகவே நிராகரிக்கும்படி கம்பெனிகள் அமைத்துக்கொள்ள முடியும். பொருத்தத்தைக் கணித்து வரிசைப்படுத்தும் ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் டெரெக் மோப்லி என்பவர், இப்படிப்பட்ட கருவிகள் வயது, இனம், உடல்நிலை பார்த்து ஒதுக்குகின்றன என்று வொர்க்டே மீது 2023இல் வழக்குப் போட்டார். வொர்க்டே அதை மறுக்கிறது. வயது தொடர்பான பகுதியைக் கூட்டு வழக்காகக் கொண்டுசெல்ல 2025 மே மாதம் நீதிமன்றம் முதல்கட்ட அனுமதி கொடுத்தது. பிரச்சினை நிஜம்தான். ஆனால் நோட்டீஸ் பீரியட் கேள்விக்கும் வயதுக்கும் நீலக் கட்டம் போட்ட ரெஸ்யூமே என்ன செய்யும்?

பணம் கட்டாமலே நீங்கள் சரிபார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை குலையாமல் பெயர், போன், வேலை, தேதி எல்லாம் வந்தால் மென்பொருளும் கிட்டத்தட்ட அப்படியே படிக்கும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ஃபைல் ஒரு படம், கேன்வா மாதிரி டிசைன் தளங்களில் செய்ததை இமேஜாக மாற்றி வைத்தால் இப்படி ஆகும். இன்னொரு நுணுக்கம், சில ஃபான்டுகளில் எஃப்பும் ஐயும், அல்லது டியும் ஐயும் ஒட்டி ஒரே எழுத்தாக மாறிவிடும், ஒட்டிப் பார்த்தால் ‘சர்டிஃபிகேஷன்’ என்ற ஆங்கில வார்த்தையில் நடுவில் ஓட்டை விழுந்திருக்கும், அந்த வார்த்தையைத் தேடுபவருக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். ஃபான்டை மாற்றினால் சரியாகிவிடும். வொர்க்டேயில் அப்ளை செய்தால் ரெஸ்யூமே ஏற்றியதும் அதுவே அனுபவப் பக்கத்தை நிரப்பிக் காட்டும் வசதியைப் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. அவசரமாக அடுத்த பக்கம் போகாமல் நின்று பாருங்கள், அங்கே குழம்பியிருந்தால் உங்கள் ஃபைலில் கோளாறு. கையால் திருத்திவிட்டே அனுப்புங்கள்.

பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே பத்தி, சாதாரணத் தலைப்புகள், போன் நம்பர் ஹெட்டரில் இல்லாமல் பக்கத்துக்குள்ளேயே, போட்டோவும் படங்களும் வேண்டாம், அவ்வளவுதான் அமைப்பு. விளம்பரத்தில் என்ன வார்த்தை போட்டிருக்கிறார்களோ, அந்த வேலையை நீங்கள் உண்மையிலேயே செய்திருந்தால், அதே வார்த்தையைப் போடுங்கள். டிடிஎஸ் போன்ற சுருக்கம் என்றால் ஒரு இடத்தில் விரிவையும் எழுதிவிடுங்கள், எதைத் தேடுவார்கள் என்று சொல்ல முடியாது. நௌக்ரி வேலைத் தளத்தில் இருப்பவர்கள் நோட்டீஸ் பீரியட், சம்பளம், ஊர் இவற்றைச் சரியாக வைத்து அடிக்கடி உள்ளே போய் வாருங்கள், சமீபத்தில் யார் வந்துபோனார்கள் என்பதை வைத்தும் எச்ஆர்கள் வடிகட்டுகிறார்கள்.

திரும்ப அந்த சர்வீஸ் கதை. பணத்தைக் கேட்டேன். முதலில், “டிஜிட்டல் புராடக்ட் சார், டெலிவரி ஆனா ரீஃபண்ட் இல்ல” என்றார்கள். அப்புறம், இன்னும் 4,000 கட்டினால் நேரடியாக ரெக்ரூட்டர்களுக்கே அனுப்பும் ‘பிரையாரிட்டி’ திட்டம் இருக்கிறது என்றார்கள். அதற்கும் அப்புறம் போனை எடுப்பதே இல்லை. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்படி மாட்டியவர்கள் விட்டுவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, முதலில் அதில் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் டெல்லியிலோ நொய்டாவிலோ இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவே செய்யலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்ஆப் பேச்சு, யுபிஐ ரசீது, அவர்கள் அனுப்பிய ஃபைல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள், வெள்ளை எழுத்தைச் செலக்ட் செய்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். வேலையே வாங்கித் தருகிறோம் என்று பணம் பறித்திருந்தால் அது வேறு கேஸ், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். புரொஃபைலை நாங்களே அப்டேட் செய்கிறோம் என்று என்னிடம் நௌக்ரி பாஸ்வேர்டை வாங்கினார்கள், பிறகு உள்ளே போய்ப் பார்த்தால் ஈமெயில் மாறியிருந்தது, வரவேண்டிய அழைப்புகள் யாருக்குப் போனதோ தெரியாது. அதே வாரத்தில்தான் ‘கன்சல்டன்சி’ என்று சொல்லிக்கொண்டு பதிவுக் கட்டணம் கேட்டுப் போன் மேல் போன் வர ஆரம்பித்தது. நீங்களும் யாரிடமாவது கொடுத்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், புரொஃபைலில் இருக்கும் போன் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள், அங்கே ஏற்றியிருக்கும் ரெஸ்யூமே எது என்று டவுன்லோட் செய்து திறந்து பாருங்கள். அவர்கள் பேஸ்லிப், பான், ஆதார் கேட்டால் கொடுக்காதீர்கள், ரெஸ்யூமே எழுத இதில் எதுவுமே தேவையில்லை.