வீட்ல தஞ்சாவூர் பெயிண்டிங் போட லைட் செட்டப் – ரொம்ப நாள் யூஸ் பண்ணிப் பாத்த அனுபவம்

கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடு, முற்றத்தை ஒட்டுன ரூம்லதான் பலகை வச்சு வேலை. வடக்கு ஜன்னல் இருந்தா போதும்னு வெளிநாட்டு வீடியோல எல்லாம் சொல்வாங்க, அவங்க ஊருக்கு அது சரி, நாம இருக்குறது பூமத்திய ரேகைக்கு வடக்க 11 டிகிரில, சித்திரைலேர்ந்து ஆவணி ஆரம்பம் வரைக்கும் மத்தியான சூரியனே வடக்கத்தான் சாஞ்சிருக்கும், வெயில் நேரா உள்ள வந்து படத்துல ஒட்டுற தங்க ஃபாயில்ல பட்டு கண்ணு கூசும். அதுக்கு ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டிய கட்டிவிட்டேன், செலவே இல்ல.

ராத்திரி வேலைக்கு வாட்ஸ் ஜாஸ்தியா பாக்காதீங்க, அட்டைப்பெட்டில சிஆர்ஐ எவ்வளவுன்னு பாருங்க, அந்த லைட்ல கலர் எவ்வளவு நிஜமாத் தெரியும்னு நூத்துக்குப் போடுற மார்க் அது. சாதாரண எல்இடில 80 இருக்கும், ஹாலுக்கு அது போதும். ஆனா அந்த நம்பர் எட்டு வெளிர் கலரோட சராசரிதான், அடர் சிவப்பு அந்தக் கணக்குலயே வராது, அதுக்கு ஆர்9னு தனியா இருக்கு. நம்ம படத்துல பாதிக்குப் பாதி பின்னணி சிவப்புதானே! 80 லைட்ல கலந்த சிவப்ப காலைல வெளிச்சத்துல பாத்தா வேற கலரா இருக்கும். 90க்கு மேல, 5000 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை) பல்பு மாட்டுனதுக்கு அப்பறம் அந்தத் தொல்லை இல்ல. முடிச்ச படத்த மட்டும் ஒருதடவ மஞ்ச பல்புல வச்சுப் பாத்துருவேன், கடைசில அது தொங்கப்போறது யாரோட பூஜை ரூம்லயோ.

லைட் தலைக்கு மேல வேணவே வேணாம், ஃபாயில் பளபளப்பு அப்படியே மூஞ்சில அடிக்கும். இடது பக்கம் ஒரு கிளாம்ப் லாம்ப், முன்னாடி கொஞ்சம் தள்ளி டிரேசிங் பேப்பர், பல்ப ஒட்டி வைக்காதீங்க. மக்கு வேலை, அதாவது சுண்ணாம்புப் பொடி பசைக் கலவையால மேடு கட்டுறது, அது செய்றப்ப மட்டும் பேப்பர எடுத்துட்டு லைட்ட பலகை மட்டத்துக்கு இறக்கிருவேன், நிழல் விழுறதுல மேடு பள்ளம் எல்லாம் தெரிஞ்சிரும். ரெண்டு லாம்ப், பல்பு எல்லாம் சேத்து 2000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தாங்குது.

பெரிய தலைவலி பூச்சிதான். ஐப்பசி கார்த்திகைல சுத்தி சம்பா வயலு, மழை விட்ட ராத்திரில லைட்டப் போட்டா போதும், பச்ச தத்துப்பூச்சி கொசுவலைலயும் புகுந்து வந்து ஈரப் பெயிண்ட்ல ஒட்டிக்கும், சாமி முகத்துல ஒட்டுனா எடுக்கும்போது இழுத்துட்டு வந்துரும். வாசல்ல ஒரு வெள்ளை பல்ப எரியவிட்டா பாதி அங்க போயிரும், மீதிக்கு வழி இல்ல, அதனால அந்த ரெண்டு மாசமும் கலர் பகல்ல மட்டும், ராத்திரில ட்ரேஸ் எடுக்குறது, பலகைக்கு உப்புத்தாள் போடுறது அவ்ளோதான்.