பால் பைத்தான் வளர்ப்பவர்களுக்கு ஒரு டிஜிட்டல் தராசு: என் அனுபவம்

மாவும் சர்க்கரையும் நிறுக்கிற சாதாரண சமையலறை டிஜிட்டல் தராசுதான் இது. 5 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வித்தியாசத்தைக் காட்டும், மேலே தட்டையான கண்ணாடி. பால் பைத்தான் (பயந்தால் பந்து மாதிரி, அதாவது ball மாதிரி, சுருண்டுகொள்கிற சின்ன மலைப்பாம்பு வகை) வளர்க்கிற எல்லோரிடமும் கூண்டும், அதன் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டும் வந்த கையோடு இதுவும் வந்திருக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் இந்தப் பாம்பு வாரக்கணக்கில் இரையைத் தொடாமல் கிடக்கும்போது காத்திருக்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா என்று முடிவெடுக்க ஒரு எண் கையில் இருந்தாக வேண்டும்.

முட்டையிலிருந்து வந்த குட்டி பெரும்பாலும் 50 முதல் 80 கிராம்தான் இருக்கும். 200 கிராம் குட்டி 20 கிராம் இளைத்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், ஆனால் ஆள் ஏறி நிற்கிற எடை மெஷினில் அது தெரியவே தெரியாது. இந்தத் தராசில் பளிச்சென்று தெரிகிறது. பெரிய பாம்புக்கும் பிரச்சினை இல்லை: வளர்ந்த ஆண் ஒரு கிலோவுக்கு முன்பின் இருக்கும், பெண் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, சிலது அதற்கும் மேலே போகும், மூடி போட்ட டப்பாவோடு வைத்தாலும் 5 கிலோ தாராளம்.

எரிச்சலூட்டுகிற விஷயம், தானாக அணைந்துவிடுவது. பாம்பு டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றி வரும்போது எண் ஓடிக்கொண்டே இருக்கும், அது அடங்குகிற நேரம் பார்த்துத் தராசு அணைந்துவிடும், பூஜ்யமாக்கி வைத்ததும் அதோடு போய்விடும். காலி டப்பாவின் எடையை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன், மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்கிறேன். எண்ணை அப்படியே பிடித்து நிறுத்துகிற ஹோல்டு பொத்தான் உள்ள மாடல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். அப்புறம், பாம்புக்கு வைத்த தராசைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. ஊர்வன ஆரோக்கியமாக இருக்கும்போதே சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம்.

எப்போது நிறுக்கிறோம் என்பதும் முக்கியம். 60 கிராம் எலியை விழுங்கிய பாம்பு 60 கிராம் கூடித்தான் காட்டும், கழிவு போனதும் சட்டென்று இறங்கும், இரண்டையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரை கொடுப்பதற்கு முன், வயிறு காலியாக இருக்கும்போது நிறுப்பதுதான் சரி. இரை எடுத்த இரண்டு நாளைக்குத் தூக்கவே கூடாது, கக்கிவிடும். குட்டிகளுக்கு வாரம் ஒருமுறை, பெரியவற்றுக்கு மாதம் ஒருமுறை போதும்.

ஆனால் தராசு காட்டுவது பாதிதான். ஒரு வயதில் இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டு தன் பாம்பு பின்தங்கிவிட்டது என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பெண் பாம்பை 1,500 கிராமுக்குக் கொண்டுவந்து இனப்பெருக்கத்துக்கு விடுகிற வழக்கம் வளர்ப்பாளர்களிடம் உண்டு, அந்த அவசரம் வீட்டுப் பாம்புக்கு எதற்கு? ஒரே ஈட்டில் பொரித்த இரண்டு குட்டிகள்கூட ஒரே வேகத்தில் வளராது. முதல் இரண்டு மூன்று வருடம் வேகமாக வளரும், பிறகு வளர்ச்சி மெதுவாகிவிடும். குட்டிக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம் உள்ள இரை வாரம் ஒன்று போதும், வளர வளர சதவீதத்தைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும், முழுதாக வளர்ந்ததற்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு இரையே நிறைய. எடை ஏறுகிறதே என்று திணித்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும், வெளியில் தெரிகிறபோது காலம் கடந்திருக்கும்.

அதனால் எண்ணைக் குறித்த கையோடு உடம்பையும் பாருங்கள். நல்ல உடம்பு என்றால் முதுகு லேசாகக் கூம்பி, பக்கங்கள் உருண்டு, அடிப்பக்கம் அகலமாக இருக்கும். முதுகெலும்பு கத்தி முனை மாதிரி துருத்தினால் மெலிவு. நேராக நீட்டிக் கிடக்கும்போதே செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால், வளையும்போது பக்கத்தில் மடிப்பு விழுந்தால், கொழுத்துவிட்டது, இரையைக் குறைக்க வேண்டும்.

நன்றாக வளர்ந்த பால் பைத்தான், முக்கியமாக இனப்பெருக்கக் காலத்து ஆண், மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் எடையை அதிகம் இழக்காது. அப்போது ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் ஏறக்குறைய ஒரே எண்ணைப் பார்ப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா! எடை இறங்கிக்கொண்டே வந்தால் முதலில் வெப்பத்தைச் சோதியுங்கள், சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், பதுங்கிக்கொள்ள இறுக்கமான இடமும் வேண்டும். இழப்பு பத்து சதவீதத்தை நெருங்கினாலோ, வாயில் எச்சில் நுரைத்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். சின்னக் குட்டியாக இருந்தால் அவ்வளவுகூடக் காத்திருக்க வேண்டாம்.

பேட்டரி இறங்கினால் எண் தடுமாறுகிறது, அதனால் எடை தெரிந்த ஒரு பொருளை அவ்வப்போது வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.