பை சீக்வென்சர் கிட்: மிடி கேபிளைச் செருகும் முன் போர்டைத் திருப்பிப் பாருங்கள்

ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை வைத்து 16 ஸ்டெப் சீக்வென்சர் (நோட்டுகளை வரிசையாகத் திரும்பத் திரும்ப வாசிக்கவைக்கும் கருவி) கட்ட, "சாலிடர் பண்ணினால் போதும்" என்று ஆன்லைனில் விற்ற ஒரு கிட்டைப் பற்றிய எச்சரிக்கை இது.

விளம்பரப் படத்தில் மிடி இன் சாக்கெட்டுக்கு (இசைக்கருவிகள் நோட் தகவலைப் பரிமாறும் மிடி கேபிள் உள்ளே வரும் இடம்) பக்கத்திலேயே 6என்138 ஆப்டோகப்ளர் பளிச்சென்று தெரியும். இரண்டு கருவிகளையும் மின்சாரத்தால் சேர்க்காமல், ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் ஐசி அது. கைக்கு வந்த போர்டில் ஐசியும் இல்லை, அதற்கான துளைகளும் இல்லை. சாக்கெட்டின் 5ஆம் பின்னிலிருந்து ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாக நேரே பையின் ஆர்எக்ஸ் பின்னுக்கு (சீரியல் டேட்டாவை வாங்கும் பின்), அதாவது ஜிபிஐஓ 15க்கு, டிராக் ஓடுகிறது. 2ஆம் பின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது.

புகார் சொன்னால், "நோட் வருகிறதே, அப்புறம் என்ன?" என்று பதில். வரத்தான் செய்யும். மிடி லைன் சும்மா இருக்கும்போது ஹை, சீரியல் போர்ட்டும் அப்படியே. அதனால் 31250 பாட் வேகத்தில் டேட்டா ஒழுங்காகவே வந்து சேரும். ஆனால் பழைய சின்த் (சின்தசைசர்) பெரும்பாலும் 5 வோல்ட் அனுப்பும். பையின் பின் தாங்குவது 3.3 வோல்ட்தான். மிச்சத்தை சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு சுமக்கிறது, அது சுமக்கும் வரைக்கும். இரண்டு கருவிகளின் கிரவுண்டும் சேர்ந்துவிடுவதால் ஸ்பீக்கரில் ஹம் (உறுமல் சத்தம்) வேறு.

சோதிப்பது எளிது. பவரும் கேபிளும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து சாக்கெட்டின் 5ஆம் பின்னுக்கும் ஜிபிஐஓ 15க்கும் நடுவே அளந்து பாருங்கள். சில நூறு ஓம்ஸ் காட்டினால் ஆப்டோ இல்லை. 4ஆம் பின்னையும் பையின் கிரவுண்டோடு அளந்து பாருங்கள், அங்கும் தொடர்பு இருக்கக்கூடாது.

சரிசெய்ய அந்த டிராக்கை வெட்டிவிட்டுத் தனி டாட் போர்டில் கட்டலாம்: 6என்138, 220 ஓம் ரெசிஸ்டர், ஆப்டோவுக்குள் இருக்கும் எல்இடிக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148 டையோடு. ஐசிக்கு 5 வோல்ட் கொடுங்கள், ஆனால் அதன் 6ஆம் பின்னின் (அவுட்புட்) புல்-அப், அதாவது லைனை ஹையில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர், 3.3 வோல்ட்டுக்குத்தான் போகவேண்டும். இதை 5க்குக் கொடுத்தால் ஆப்டோ போட்டும் பையைக் காப்பாற்ற முடியாது.

பட்டன்களிலும் கை வைத்திருக்கிறார்கள். பட்டன்களை நான்கு வரிசை, நான்கு நிரலாகக் கோர்த்த 4×4 மேட்ரிக்ஸுக்கு, பட்டனுக்கு ஒன்றாக 16 டையோடு வேண்டும், ஒன்றுகூட இல்லை. 1, 2, 5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடாத 6ஆம் ஸ்டெப்பும் எரிகிறது. இதை "சாஃப்ட்வேர் அப்டேட்டில் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஆகாது. டையோடு இல்லாத மேட்ரிக்ஸில் உண்மையான அழுத்தத்தையும் பொய்யானதையும் எந்த சாஃப்ட்வேராலும் பிரித்தறிய முடியாது.

கூட வந்த பைத்தான் கோடு இன்னொரு கூத்து. 120 டெம்போவில் மிடி கிளாக் (கருவிகளின் தாளத்தை ஒத்துவைக்கும் டிக், ஒரு பீட்டுக்கு 24) 20.83 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போகவேண்டும். இதில் ஒவ்வொரு டிக்குக்கும் அவ்வளவு நேரம் ஸ்லீப். நோட் அனுப்பும் நேரம் அதற்குமேல். டிக்குக்கு 1 மில்லிசெகண்ட் கூடினாலே டெம்போ 114.5க்கு இறங்கிவிடும். அடுத்த டிக் எப்போது என்பதைத் தொடக்க நேரத்திலிருந்து கணக்கிட்டு, மீதி நேரம் மட்டும் தூங்கும்படி மாற்றி எழுதுங்கள்.

மெமரி கார்டையும் நம்பவேண்டாம், போலி கார்டைக் கண்டுபிடிக்கும் எஃப்3 என்ற சாஃப்ட்வேரை வைத்து முழுக் கொள்ளளவையும் சோதித்துவிட்டே இன்ஸ்டால் செய்யுங்கள்.

மாற்று போர்டு கேட்டால் அதே போர்டைத்தான் மறுபடி அனுப்புகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விளம்பரப் படத்தை ஆர்டர் போடும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் போனதும் அந்தப் படத்தைத்தான் முதலில் மாற்றினார்கள்.