டேக்டவுன் வில்லின் மூட்டு: வேலூர் வெயிலிலும் புழுதியிலும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால்

மூன்று துண்டாகக் கழற்றும் (டேக்டவுன்) மர ரீகர்வ் வில்லில், அதாவது முனைகள் முன்னோக்கி வளைந்த வில்லில், முதலில் தேய்வது நாண். அதை மாற்றிக்கொள்ளலாம். சத்தமில்லாமல் கெட்டு வில்லையே முடக்குவது லிம்பும் (வளையும் கை) ரைசரும் (நடுவில் பிடிக்கும் கட்டை) சேரும் மூட்டு. அம்பு எய்து அது கெடுவதைவிட, போட்டு முறுக்கியும் மண் புகுந்தும் கெடுவதே அதிகம்.

லிம்பின் அடியில் போல்ட் துளை ஒன்று, அருகே பின் (சிறு உலோக முளை) உட்காரும் துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். இந்த முளைதான் லிம்பை நேராக நிறுத்துகிறது. நாண் ஏற்றியதும் ரைசரின் முனை நெம்புபுள்ளியாகி, லிம்பின் அடி போல்ட் தலையை நோக்கித் தானே அழுந்தும். அதனால் விரலால் இறுகும் அளவு போதும். அலன் கீ (எல் வடிவ அறுகோணச் சாவி) போல்ட் என்றால் கீயின் நீளக் கையை போல்ட் தலையின் குழியில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் ஃபைபர்கிளாஸுக்குள் பதிந்து, துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். அடுத்து அங்கிருந்து நீளவாக்கில் மயிரிழைக் கோடு ஓடும். பஞ்சை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் அந்த லிம்பை ஒதுக்கிவிட வேண்டும். பசை போட்டு ஒப்பேற்றுவது ஆபத்து.

போல்ட் தொலைந்தால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் எட்டு எம்எம் போல்ட் வாங்கி மாட்டுவதுதான் நாம் பார்த்த பெரிய தப்பு. இந்த வகை வில்கள் பலவற்றில் இருப்பது 5/16 அங்குல போல்ட், அங்குலத்துக்கு 24 புரி. அதாவது விட்டம் 7.94 மில்லிமீட்டர், புரி இடைவெளி 1.06. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எட்டு எம்எம் போல்ட்டின் இடைவெளி 1.25. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு பிடிக்கும். அங்கே சாவி போட்டுத் திருப்பினால் ரைசருக்குள் இருக்கும் உலோக புஷ்ஷின் (போல்ட் ஏறும் குழலின்) புரி சிதைந்துவிடும். போல்ட் ஐம்பது ரூபாயோ நூறோ. புஷ் போனால் ரைசரே போச்சு. எந்த போல்ட்டானாலும் முதல் மூன்று சுற்று வெறும் விரலால் ஏற வேண்டும். உதிரியாக இரண்டு போல்ட், இரண்டு வாஷர் பையில் வைத்திருங்கள்.

பாலாற்று மணல் காற்றில் பறக்கும் மாதங்களில் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் லிம்ப் உட்காரும் இடத்தை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஒரு மணல் துகள் இடையில் சிக்கினாலே லிம்ப் சாய்ந்து உட்காரும், எய்யும்போது 'டிக்' என்று சத்தம் வரும். புரிக்கு மாதம் ஒருமுறை அரிசி மணி அளவு கிரீஸ், மீதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். தெளிக்கும் எண்ணெய் வேண்டாம், அது மரத்தில் இறங்கும். பின்னுக்கும் தொடும் பரப்புக்கும் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தால் போதும்.

ஐப்பசி மழையில் மரம் ஊதி, பின் முளை இறுக்கமாகும். சுத்தியலால் தட்டவும் கூடாது, பின்னை அரத்தால் ராவவும் கூடாது. வெயில் வந்ததும் அதே பின் ஆடும். இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான அறையில் வைத்தாலே சரியாகும். கத்திரியில் மூடிய காருக்குள் மட்டும் வைக்காதீர்கள்: வெளியே 40 டிகிரி தாண்டும்போது உள்ளே அடுக்குகளை ஒட்டிய பசையே இளகக்கூடும்.

பூட்டியதும், நாண் ஏற்றுமுன், லிம்புக்கும் ரைசருக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழையக் கூடாது. நாண் ஏற்றிய பிறகு, நாண் இரண்டு லிம்பின் நடுக்கோட்டிலும் ஓடுகிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். மேல், கீழ் லிம்பின் அடியிலிருந்து நாண் வரையான தூரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மூன்று மில்லிமீட்டர் மாறியிருந்தால் நாணைக் குறை சொல்லாமல் மூட்டைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் நாண் ஏறியிருக்கும்போது போல்ட்டைத் தொடவே கூடாது. ஸ்ட்ரிங்கரால் (நாண் ஏற்றி இறக்க உதவும் கயிறு) நாணை இறக்கிய பிறகே கழற்றுங்கள்; இல்லாவிட்டால் லிம்ப் தெறிக்கக்கூடும்.