பழைய கேம் கன்சோல் வாங்கப் போகிறவர்களே, வைஃபை போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்

78,500 ரூபா. முந்தாநாள் கையில் இருந்தது, இன்றைக்கு இல்லை. நேற்று இரவு தூக்கம் வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஓ.எல் பரீட்சையில் நல்ல ரிசல்ட் எடுத்தால் கையில் வைத்து விளையாடுகிற கேம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். எடுத்துவிட்டான். எங்கள் தோட்டத்தில் காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் போய்விடும். வீட்டில் இருக்கிற ஒரே டிவி அம்மாவின் நாடகத்துக்கு. அதனால் டிவியில் மாட்டுகிற பெரிய கன்சோல் சரிவராது. இதுவரைக்கும் எங்கள் புத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

எதை வாங்குவது என்று இரண்டு மாதம் பேசினோம். நான் வேலை செய்கிற ஹாட்வெயார் கடையில் ஒரு மச்சான், வாங்கினால் ஸ்டீம் டெக்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான். 2022இல் வந்தது, கம்ப்யூட்டர் கேம் நிறைய ஓடும். ஓடும்தான், ஆனால் பெரிய கேம் ஒன்றை இறக்கவே எத்தனையோ ஜிபி போகும். நாங்களோ சிக்னலுக்காக போனை ஜன்னலில் வைக்கிற ஆட்கள். நின்டெண்டோ கம்பனியின் ஸ்விட்ச் லைட் விலை குறைவு. ஆனால் திரை 5.5 அங்குலம், கைப்பிடியைக் கழற்ற முடியாது, விரலால் அசைக்கிற ஸ்டிக் கெட்டால் முழுச் சாமானையும் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். 2021இல் வந்த ஸ்விட்ச் ஓலெட் 7 அங்குலம், உள்ளே 64 ஜிபி. இரண்டு கைப்பிடியையும் கழற்றி நானும் தம்பியும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து விளையாடலாம். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்துவிட்டது, பழையதைக் கொஞ்சம் மலிவாக விடுவார்கள் என்று கணக்குப் போட்டோம். புதுசுக்கு வசதியில்லை, செகண்ட்ஹேண்ட் ஓலெட் என்று முடிவு.

விளம்பரத்தைப் பார்த்துப் பேசினால், கண்டி டவுனில் மாடியில் இருக்கிற ஒரு பழைய போன் கடை. பெயர் போடவில்லை. போட்டால் எனக்குத்தான் கேஸ் வரும். சீட்டு எடுத்த காசோடு ஹட்டனில் காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று ஆடி ஆடிப் போய் இறங்கினேன்.

அந்த ஆள் எழும்பி வந்து, "வாங்க தம்பி, மழையில வந்திருக்கீங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். தன் மாமியார் வீடும் மஸ்கெலியாப் பக்கம்தான் என்றார். பையனை அனுப்பி டீ எடுப்பித்தார். சாமானைக் கையில் தந்தார். திரை பளிச்சென்று இருந்தது, முதுகில் அகலமான ஸ்டாண்ட், ஓலெட்தான், அதில் பொய் இல்லை. மெமரி கார்டில் நாற்பது கேம் வேறு இலவசம் என்றார்.

ஓன்லைன் போகுமா என்று கேட்டேன். "கடை வைஃபை இன்னைக்கு வேலை செய்யல தம்பி, வீட்டுல போய் போடுங்க, ஜம்முன்னு போகும்." என் போனில் டேட்டா இருந்தது. ஹாட்ஸ்பாட் போட ஒரு நிமிஷம் போதும். கை பாக்கெட் வரைக்கும் போனது. ஆனால் மனுஷன் டீ வாங்கித் தந்திருக்கிறார், சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனை ஒரு கப் டீயில் மடக்கிவிட்டான். 78,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். "ஏழு நாள் செக்கிங் வாரண்டி" என்றார். பில்லில் எழுதியிருந்தது "கேம் 1". அவ்வளவுதான், சீரியல் நம்பர்கூட இல்லை.

இரவு வீட்டில் தம்பி நெட்டில் போட்டான். இந்தக் கன்சோலுக்கு ஓன்லைன் சேவையை நின்டெண்டோ தடைசெய்திருக்கிறது என்று வந்தது. தேடிப் பார்த்தபிறகுதான் புரிந்தது. யாரோ மெஷினுக்குள் இருக்கிற பூட்டை உடைத்துத் திருட்டு கேம் ஏற்றி விளையாடியிருக்கிறார்கள், கம்பனி பிடித்துவிட்டது. அந்த நாற்பது கேமின் ரகசியமும் அதுதான். தடை விழுந்தது மெஷின் மேல். புதுக் கணக்குத் திறந்தாலும், எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தாலும் போகாது. ஓன்லைன் கடையில் கேம் வாங்கவும் முடியாது, வெளியாட்களோடு விளையாடவும் முடியாது.

காலையில் கடைக்காரருக்கு போன் எடுத்தேன். "அப்படியா தம்பி, டெக்னீசியன் கொழும்புக்குப் போயிருக்கார், வந்ததும் பார்ப்போம்." மத்தியானம் எடுத்தேன். "வாரண்டி ஹாட்வெயாருக்கு மட்டும்தாங்க. சொப்ட்வெயாருக்கு இல்ல." தம்பி போய் 'ங்க' வந்துவிட்டது. காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "கேம் கார்ட் வாங்கிப் போட்டு விளையாடலாமே, கார்டுக்கு நெட் எதுக்கு?" கார்ட் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் தனிக் காசு கொடுக்க வேண்டும். இதை விற்கும்போது ஏன் சொல்லவில்லை? சாயங்காலம், "ஹலோ, யார் பேசுறது?" அதன்பிறகு வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை.

அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். 2024இல் நாட்சம்பளம் 1,350 ஆனதே, அந்தக் கணக்கில் 78,500 ரூபா என்பது 58 நாள் முழுப் பேர், அதாவது முழுநாள் வேலை. அட்டைக்கடி தனி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பி, "பரவாயில்லண்ணே, இதையே விளையாடுறேன்" என்கிறான், அது இன்னும் மோசமாக இருக்கிறது.

வாங்குவது எப்படி என்று விளக்கமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஓன்லைன் கடை திறக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திறக்காவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். கேம் நிரப்பிய கார்ட் இலவசம் என்றால் சந்தேகப்படுங்கள். சீரியல் நம்பர் போட்ட பில் கேளுங்கள். ஸ்டிக்கைத் தொடாமல் வைத்து, படம் தானாக நகர்கிறதா என்றும் பாருங்கள், இதில் இடதுபக்கம் நகர்கிறது, அதை நேற்றுத்தான் கண்டோம்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 நம்பருக்கு போன் எடுக்கப் போகிறேன். திங்கட்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். ஏழு நாள் முடியுமுன் மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.